மூன்று கிலோ

எறியச் சொன்ன, மெடிசின் பால் என்கிற கனத்த பந்தை அவர் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு நடந்துபோய் மனைவியின் கையில் கொடுத்தார்.

கொடுத்த பிறகும் கையை எடுக்கவில்லை. அவள் ஏதாவது சொல்லட்டும் என்று காத்து நின்றார்.

ஜிம்மில் இருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். பயிற்சி கொடுக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிறவர். பீரோவின் அந்த முனையில் இருப்பவன் பிடித்துவிட்டேன் என்று குரல் கொடுக்காமல் இந்த முனையில் இருப்பவன் கையை எடுக்கக் கூடாது. அவசரப்பட்டு ஒருவன் விட்டதில், எதிரில் நின்றவனின் கால்விரல் நசுங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

இங்கே எல்லாம் தலைகீழ். எதிரில் இருப்பவள் பிடிப்பதற்கு முன்பே விட்டாக வேண்டும்.

"அண்ணா, முழங்காலை லேசா மடக்குங்க, பந்தை நெஞ்சுக்கு நேரா வச்சு, மூச்சை விட்டுக்கிட்டே வெடிச்ச மாதிரி தள்ளுங்க. புதுசா வர்றவங்களுக்கான பந்துதான், வெறும் மூணு கிலோ!"

ஃப்ரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு நாலு மாடி ஏறுகிற மனுஷன். சொன்னதை எல்லாம் செய்தார். முழங்கால் மடங்கியது, மூச்சு புஸ்ஸென்று வந்தது, பந்து மட்டும் கையை விட்டுப் போவேனா என்றது.

அடுத்த முறை போனது. பாதி வழியில் பொத்தென்று விழுந்து, அவர் காலடிக்கே உருண்டு வந்துவிட்டது.

பாவம், கூச்சப்படுகிறார் என்று பயிற்சிப் பெண் நினைத்தாள். அக்காவுக்கு நானே எறிகிறேன் என்று கையை நீட்டினாள்.

அவர் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார், மனைவியின் முகம் வாடியதைப் பார்க்காமல் இருந்திருந்தால். இன்றைக்குத் தான் தட்டிக்கழித்தால் இவள் இனி எதையும் கேட்கவே மாட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளக்கூட மாட்டாள். பயிற்சிப் பெண்ணிடம் கொடுக்காமல் பந்தைத் தன் நெஞ்சுக்கு நேராகத் தூக்கினார்.

அவள் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்து நின்றாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணும் ஆயிடாது. எறிங்க."

எறிந்தார்.

பந்து விர்ரென்று போய் அவள் உள்ளங்கைகளில் மோதியது. ஒரு அடி பின்னால் போனாள். அவருக்கு உயிரே போய்விட்டது. ஓடினார்.

அவளோ மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். டி-ஷர்ட்டின் கழுத்து விலகி, தொண்டைக்குக் கீழே நேராக இறங்கும் தழும்பின் மேல்முனை தெரிந்தது. போன வருஷம் நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தைச் சரிசெய்து, கம்பி போட்டுக் கட்டிய இடம். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லி எத்தனையோ மாதம் ஆயிற்று. அவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் அவளை விரல் நுனியால்தான் தொட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்தது மண்டியிட்டு எறிய வேண்டும் என்றாள் பயிற்சிப் பெண்.

மனைவி பந்தைக் கீழே போட்டாள். உடம்பைத் தேற்றிக்கொள்ள என்று சொல்லித்தான் அவரை இங்கே இழுத்து வந்திருந்தாள். அதற்காக வரவில்லை. அத்தனை பேர் பார்க்க அவரைக் கட்டிக்கொண்டு, அவருடைய கைகளும் தன்னை இறுக்கும்வரை அப்படியே நின்றாள்.