பால் காய்ச்சின வண்டி

யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த பட்டாளத்து வண்டியை, மூன்று மாதமாக வீடாக மாற்றிக்கொண்டிருந்தார் பால்துரை. கட்டில், அலமாரி, ஜன்னல் திரை, ஓரத்தில் விறகடுப்பு. “தசராவுக்கு இதிலதான் குலசேகரன்பட்டினம் போறோம்” என்று மனைவி பகவதிக்கு வாக்கும் கொடுத்துவிட்டார்.

புறப்படும் காலை. சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழத்தோடு, முகத்தில் ஈயாடாமல் வந்தார். உள்ளே அடுப்பில் பால் பொங்கியது.

“ஏளா, என்ன செய்யுத?”

“புது வீடுல்லா, பால் காய்ச்சுதேன்.”

“இது வண்டி.”

“பால் காய்ச்சியாச்சுன்னா வீடுதான். வீட்ட யாராவது உருட்டிட்டுப் போவாகளா? புளிச்சோறு கிண்டிக் கட்டித் தாரேன். குலசைக்கு பஸ்ல போவோம்.”

“நீ சொன்னா சரிதான்” என்று அவசரமாகப் பழத்தை மடியில் ஒளித்தார். அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது இந்த வண்டியை மாடு கட்டி இழுத்து வந்தது அவருக்குத்தானே தெரியும். அதில் இன்ஜினே இல்லை.

“நாலு விறகு எடுத்துத் தாங்க.”

“எங்கன இருக்கு?”

“முன்பக்க மூடியைத் தொறங்க. இன்ஜின் இருக்கவேண்டிய இடம் சும்மாதானே கெடக்குன்னு, ஆடி மாசத்துல இருந்தே அங்கனதான் அடுக்குதேன்.”