பத்தாயிரத்துக்கு நாலு லட்சம்

ஆஞ்சலா ஆள்காட்டி விரலைக் கீபோர்டின் மேல் நிறுத்திக்கொண்டு அடுத்த எழுத்தைத் தேடினாள்.

சாப்பாட்டு மேஜையின் மறுபக்கத்தில் அவள் கணவன் ரெமிஜியஸ் ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கொட்டையும் தோலை விட்டு வழுக்கிக் கிண்ணத்தில் விழுந்தது. அவன் கண் மட்டும் லேப்டாப்பின் மேல் இருந்தது.

கேள்வி சின்னதுதான். ஒன்பதாம் வகுப்புக் கம்ப்யூட்டர் புத்தகத்தில் வரும் முதல் பயிற்சி. அசல், வருடம், வட்டி வீதம் மூன்றையும் கேட்டு வாங்கி, தனிவட்டி எவ்வளவு என்று சொல்லும் புரோகிராம் எழுத வேண்டும். மொத்தம் ஐந்து வரி.

அவள் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

நேற்றும் உட்கார்ந்தாள். முந்தாநாளும் உட்கார்ந்தாள். இரண்டு நாளும் ஒரு வரிகூட எழுதாமல் லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இன்று அசலுக்கு 'பி' என்று பெயர் வைத்து, சமக்குறியும் போட்டுவிட்டாள். அதற்கு மேல் ஓடவில்லை. எதிரில் இருப்பவர் தட்டும் எண்ணை வாங்கிக்கொள்ள ஒரு சொல் உண்டு. அது தொண்டை வரை வந்து நின்றது. கண்ணை மூடி, உதடுகளை அசைத்துப் பார்த்தாள். வரவில்லை.

ரெமிஜியஸ் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் லேத் ஓட்டுகிறவன். கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் அந்தச் சொல் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் இருப்பது தெரியும். காலையில் அவள் குளிக்கப் போனபோது பார்த்து வைத்திருந்தான்.

"புக்கைத் தரட்டுமா ஆஞ்சி?"

"வேணாம். நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது."

அவன் மறுபடியும் மொச்சையைப் பிதுக்கத் தொடங்கினான்.

வெளியே சந்தில் பூக்காரி "ஹூவா... ஹூவா..." என்று கன்னடத்தில் கூவிக்கொண்டு போனாள். அந்தக் குரல் தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஆஞ்சலாவின் விரல்கள் அசைந்தன.

இன்புட்.

தட்டிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்தாள். பிறகு வருடத்துக்கு ஒரு வரி, வீதத்துக்கு ஒரு வரி. இந்த முறை விரல் எழுத்தைத் தேடவில்லை. நான்காவது வரியில் மூன்றையும் பெருக்கினாள். ஐந்தாவது வரியில் விடையைக் காட்டச் சொன்னாள்.

புரோகிராமை ஓட்டினாள். அது அசலைக் கேட்டது. பத்தாயிரம் என்று கொடுத்தாள். வருடம் ஐந்து. வட்டி எட்டு சதவீதம்.

திரையில் விடை வந்தது. நான்கு லட்சம்.

ரெமிஜியஸின் கை நின்றுவிட்டது. தப்பு என்று அவனுக்கே தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். அதில் எதுவும் தெரியவில்லை. விடை வந்துவிட்டது, முடிந்தது என்று அவள் எழுந்துவிடுவாளோ என்று பயந்தான். சொல்லிவிடாமல் இருக்க இன்னொரு மொச்சையை எடுத்தான்.

அவள் எழவில்லை. தலையைச் சாய்த்து அந்த எண்ணைப் பார்த்தபடியே இருந்தாள்.

"ஏங்க, பத்தாயிரத்துக்கு நாலு லட்சம் வட்டியா? மீட்டர் வட்டிக்காரன்கூட இப்படி வாங்க மாட்டானே!"

சிரித்துக்கொண்டே நான்காவது வரிக்குப் போய் நூறால் வகுத்தாள். மறுபடியும் ஓட்டினாள்.

நாலாயிரம்.

ரெமிஜியஸ் ஈரக் கையாலேயே முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

நாலு மாதத்துக்கு முன்னால், பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அவள் கீழே விழுந்தாள். மூளையில் ரத்தக்கட்டு. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவனை அடையாளம் கண்டுகொண்டாள். ஜெபமெல்லாம் தடங்கலில்லாமல் வாயில் வந்தது. இரண்டாம் வாரம் லேப்டாப்பைத் திறந்து முன்னால் வைத்தபோது மட்டும், அடுத்த வீட்டுச் சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த ஐந்து வரியைப் பத்தொன்பது வருடங்களாக நடத்தி வந்தவள் அவள்.

"அடுத்த கணக்கையும் போட்டுப் பாக்கறேன். நீங்க போய்க் குழம்பை வைங்க" என்றாள் ஆஞ்சலா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் கிண்ணத்தைச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனான். பீரோவில் தன் சட்டைகளுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கினான். மடித்து வைத்த ஒரு கடிதம் இருந்தது.

இந்த மாதக் கடைசிக்குள் ஒரு முடிவு சொல்லும்படி பள்ளியில் கேட்டிருந்தார்கள். உடல்நிலை காரணமாக வேலையை ராஜினாமா செய்கிறேன் என்று, அவள் எழுதுவது போலவே, அல்சூர் மார்க்கெட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஆங்கிலத்தில் டைப் அடித்து வாங்கி வந்திருந்தான். அவளிடம் நீட்டத்தான் மனம் வரவில்லை. மூன்று வாரமாக அங்கேயே கிடந்தது.

கிழித்துப் போடுவதற்காகப் பிரித்தான்.

மூன்றாவது வரியில், கடைக்காரர் தப்பாக அடித்திருந்த ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. விட்டுப்போன எழுத்து மேலே பொடியாக, ஆஞ்சலாவின் கையெழுத்தில் சேர்க்கப்பட்டிருந்தது.

கையொப்பம் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.