ஏகமனதாக ஒரு தீர்மானம்

"ஏனுங்க ரூபன், வேலைய உட்டுப் போறவங்க கேக் வெட்டிப்போட்டுப் போவாங்க. நீங்க சர்வரையே நிறுத்திப்போட்டுப் போயிருக்கறீங்களே?"

கோவை டேட்டாபேஸ் பணியாளர் சங்கத் தலைவர் தம்பிதுரை மேடையிலிருந்து இப்படிக் கேட்டதும், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்திருந்த முப்பது பேரும் போண்டாவைப் பாதியில் நிறுத்திவிட்டு ரூபனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாதம் ஒரு பாடம், அதன்பின் போண்டா, அதன்பின் கலைவது என்பது சங்கத்தின் வழக்கம். அன்று போண்டா முதலில் வந்துவிட்டது. பாடத்துக்குப் பதிலாக விசாரணை.

ரூபன், சூலூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் டேட்டாபேஸை ஆறு வருடம் கவனித்துக்கொண்டவன். பத்து நாளைக்கு முன் விலகினான். அன்று முதல் அங்கே இரவில் தானாக ஓட வேண்டிய எந்த வேலையும் ஓடவில்லை. பேக்கப் இல்லை, காலையில் வர வேண்டிய சரக்குப் பட்டியலும் இல்லை. போகிற போக்கில் அவன்தான் ஏதோ செய்துவிட்டான் என்று கம்பெனி சங்கத்துக்கு எழுதிவிட்டது. வகுப்புக்கு மறுநாள், திங்கட்கிழமை, அவன் அவிநாசியில் புது வேலையில் சேர வேண்டும். சங்கத் தலைவர் கையெழுத்திட்ட நன்னடத்தைக் கடிதம் இல்லாமல் வர வேண்டாம் என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

உறுப்பினர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். ஒருவர், தேதி பார்த்துக் கழுத்தறுக்கும் புரோகிராம் என்றார். இன்னொருவர், எந்த வெர்ஷன் என்று தெரியாமல் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் பேசினார். மூன்றாமவர் போர்டில் கட்டம் கட்டமாக வரைந்து, கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் வந்து உட்கார்ந்துகொண்டார். மூவருமே அந்த சர்வரைக் கண்ணால் கண்டதில்லை.

"எதனால நின்னுச்சுன்னு அதுலயே பதிவாகியிருக்குமுங்கண்ணா. ஒருக்கா படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றான் ரூபன்.

படித்துப் பார்க்கும் யோசனை யாருக்கும் ருசிக்கவில்லை.

"இருபது வருசமா இதே தொழில் தம்பி. எனக்குப் படிச்சுத்தான் தெரியோணுமா?" என்ற தம்பிதுரை, செயலாளர் கயல்விழியை நோட்டைத் திறக்கச் சொன்னார். சூலூர் கம்பெனியின் வேலைகள் நிற்கக் காரணமானவர் இன்றே சங்கத்திலிருந்து நீக்கப்படுகிறார், இனி அவரைச் சங்கம் எங்கும் சிபாரிசு செய்யாது என்று நிறுத்தி நிறுத்திச் சொல்ல, அவள் எழுதினாள்.

"பேரு எழுதட்டுங்களா?"

"எடம் உட்டு வையுங்க அம்மணி. மொதல்ல எல்லாரும் கை தூக்கட்டும். முறைன்னு ஒண்ணு இருக்குதல்ல."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ரூபனும் கை தூக்கினான். காரணமானவரை நீக்குவதில் அவனுக்கும் மறுப்பில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஆதாரம் சேர்க்காமல் எந்தத் தீர்மானத்தையும் பதிவு செய்யாதவள் கயல்விழி. சூலூருக்கு போன் போட்டு, சர்வரின் பதிவுகளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் வந்தது. எழுந்து நின்று படித்தாள்.

இரவு வேலைகள் எல்லாமே ரூபனின் பெயரில் ஓடிக்கொண்டிருந்தன. அவன் விலகிய அன்று மாலை ஐந்து பத்துக்கு, யாரோ அந்தப் பெயரை சர்வரிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். வேலைகளை வேறொரு பெயருக்கு மாற்றாமலே நீக்கியதால், அத்தனையும் அப்படியே நின்றுவிட்டன.

"எம்பேருல ஓட உட்டது என் தப்புத்தானுங்க" என்றான் ரூபன். "ஆனா நீக்குனவங்க ஒரு நிமிசம் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

கூடம் சட்டென்று அவன் பக்கம் சாய்ந்தது. போன வாரம் வேலைக்குச் சேர்ந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்றார் வெர்ஷன்காரர். எந்த மடையன் என்று பின்வரிசை கேட்டது.

கயல்விழி படத்தைக் கீழே தள்ளிப் பார்த்தாள். நீக்கியது கம்பெனி ஆள் இல்லை. பழைய ஆட்களின் பெயர்களைச் சுத்தம் செய்து தர வெளியிலிருந்து வரவழைத்த ஆலோசகர். நோட்டில் விட்டுவைத்திருந்த இடத்தில் பேனாவை ஊன்றிக்கொண்டு அவள் மேடையை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க இனிஷியல் என்னங்க, தலைவரே?"