இரண்டாவது நாடா

மரகதவல்லி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். "கிட்ட வராதீங்க சார், எனக்கே தாங்கல." மூன்று வாரத்துக்கு முன், அவள் மூக்கில் நிற்காமல் கொட்டிய ரத்தத்தை நிறுத்தியவர் டாக்டர் பரிதி. ஆழத்தில் நூல்போல் ஓடும் தமனியைத் தேடிப்பிடித்துக் கிளிப் போட்டு, இரண்டு துணிநாடாக்களைத் திணித்து, மறுநாள் அவரே உருவினார். "துணிக்கடையில என்னைய குடோனுக்கு மாத்திட்டாங்க சார். ரெண்டு வேளை குளிச்சும் நாத்தம் போகல. எம் புள்ளையே தள்ளிப் படுக்குது."

பரிதி விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு இடுக்கியை அவள் மூக்கினுள் விட்டார். ஏதோ பிடிபட்டது. இழுக்க இழுக்கக் கறுத்த நாடா வந்தது. அன்று ஒன்றைத்தான் உருவியிருக்கிறார். நர்ஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்ணத்தில் போட்டு மேலே பஞ்சை அள்ளி வைத்தார்.

இறுக மூடியிருந்த கண்களைத் திறந்து, "என்ன சார் அது?" என்றாள் மரகதவல்லி.

"பழைய ரத்தக்கட்டும்மா."

அவள் கைகூப்பினாள். "உங்களப் போயி என் அசிங்கத்தைத் தொட வெச்சுட்டேனே."

எழுந்தவள், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் இன்னொரு முறை, இன்னும் அழுத்தித் துடைத்தாள்.