அண்ணன் போடாத நம்பர்

என் வீட்டுக்காரரோட அண்ணன் வேணும்னேதான் பண்றார். இதை நான் எந்தச் சபையில வேணா வந்து சொல்வேன்.

விஷயம் இதுதான். எல்லாரும் ஒரே வீட்டுல இருந்தப்ப அண்ணனும் தம்பியும் டி.வி.யில ஒரு கேம் ஆடுவாங்க. கடலுக்கு நடுவுல மொட்டைத் தீவு ஒண்ணைக் கொடுப்பான். அதுல வீடு கட்டணும், ரயில் விடணும், வாத்து வளர்க்கணும்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், தம்பி லிஃப்ட் மெக்கானிக். ரெண்டு தடிமாடுகளும் வேலை விட்டு வந்ததும் வாத்துக்குத் தீனி போட உட்கார்ந்துடும். தீவு இருக்கிற கேம் கணக்கு தம்பி பேர்ல. கேம் பெட்டி அண்ணனோடது.

அப்புறம் நாங்க தனியா வீடு பார்த்தோம். அதை அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இவர் மென்னு முழுங்கிக்கிட்டே நாளைக் கடத்தினார். கடைசியில சாமான் ஏத்த வந்த லாரிக்காரர் வாயால கேட்டுத்தான் அண்ணனுக்கே தெரிஞ்சுது.

அன்னைக்கோட ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னது. வருஷம் ஒண்ணு ஓடிப்போச்சு. இவர் வெளியில காட்டிக்கல, ஆனா வீட்டுல இவர் சிரிச்சுக் கேட்டே ரொம்ப நாளாச்சு.

சரி, தீவையாவது பார்த்துக்கிட்டு இருக்கட்டும்னு பிறந்த நாளைக்குப் புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். ஆசை ஆசையா மாட்டினா, திரையில இப்படி வருது: 'இந்தக் கணக்கு ஏற்கனவே வேறொரு பெட்டியுடன் இணைக்கப்பட்டுள்ளது. ஒரு கணக்கை ஒரு பெட்டியுடன் மட்டுமே இணைக்க முடியும்.'

கம்பெனிக்குப் போன் போட்டுக் கிழி கிழின்னு கிழிச்சேன். அந்தப் பொண்ணு தேன் குரல்ல பதில் சொல்லுச்சு. பழைய பெட்டியிலிருந்து பிரிக்கணும்னா இவர் போனுக்கு நாலு இலக்க நம்பர் ஒண்ணு வருமாம். ஒரு நிமிஷத்துக்குள்ள அதைப் பழைய பெட்டியில போடணுமாம். தப்பினா மறுநாள்தானாம். விவாகரத்து கூட இதைவிடச் சுலபமாக் கிடைக்கும்மான்னு சொல்லிட்டு வெச்சேன்.

வேற வழி? அண்ணனைக் கூப்பிட்டே ஆகணும். இவர் போனை எடுக்கறதும் வைக்கறதுமா வீட்டை நாலு சுத்து சுத்தினார். பொறுக்க முடியாம நானே நம்பரைத் தட்டி இவர் காதுல வெச்சேன்.

"அண்ணா... நான்தான்."

அந்தப் பக்கம் ஓடிக்கிட்டிருந்த டி.வி. சத்தத்தை அண்ணன் குறைச்சார்.

"சொல்லு."

விஷயத்தைச் சொல்லி, வந்த நம்பரையும் படிச்சார். அண்ணன் தட்டிப் பார்த்துட்டு, தப்புன்னு வருதுன்னார். இங்கயும் ஒண்ணும் மாறலண்ணான்னு இவரும் சொல்லிட்டு வெச்சுட்டார்.

மறுநாளும் அதே கதை. அதுக்கடுத்த நாளும் அதே. நம்பர் சொல்ல ஒரு நிமிஷம், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஊர்க்கதை அரை மணி. பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டரை மிதிச்சு டீக்கடைக்குள்ள போன மாணவரைப் பத்தி அண்ணன் சொல்ல, இவர் சோபாவுல உருண்டு சிரிச்சார்.

சிரிச்சது சந்தோஷம்தான். ஆனா நான் காசைக் கொட்டி வாங்கின பெட்டி சும்மா கிடக்கே. நான் தொட்டா எல்லாம் குழம்பிடும்னு என்னைக் கிட்டவே விடல இவர். ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கிற மனுஷருக்கு நாலு நம்பர் தட்டத் தெரியாதா? வீடு மாறினதுக்குப் பழி வாங்கறார்னு புலம்பித் தீர்த்தேன்.

"பாவம், அண்ணனுக்கு விரல் தடிமன். விடு," அப்படின்னார் இவர்.

நேத்து டீ கொண்டு போறேன். போன் ஸ்பீக்கர்ல கிடக்கு. திரையில அண்ணன் போட்டோ மட்டும்தான் இருக்கு, நம்பரும் இல்ல ஒண்ணும் இல்ல. இவரோ, "ஏழு... ரெண்டு... ஒன்பது... நாலு..."ன்னு படிக்கிறார்.

இவர் கண்ணு போற இடத்தைப் பார்த்தேன். சோபாவுல கிடந்த துணிக்கடைப் பை. அதுல அச்சடிச்ச போன் நம்பரோட கடைசி நாலு எண்ணைத்தான் நிறுத்தி நிதானமா வாசிச்சுக்கிட்டு இருக்கார்.

இவர் குளிக்கப் போனதும் பெட்டியைப் போட்டேன். தீவு ஜம்முனு வந்து நின்னுச்சு. ரயில் ஓடுது, வாத்தெல்லாம் தின்னு கொழுத்துத் திரியுது. ஓரத்துல இணைச்ச தேதி போட்டிருந்துச்சு. அண்ணனைக் கூப்பிட்ட முதல் நாள்.

அடப்பாவி மனுஷா. நான் வேலைக்குக் கிளம்பினதும் ஜாலியா ஆடிட்டு, சாயங்காலம் ஒண்ணும் தெரியாத பிள்ளையா உட்கார்ந்து இந்த நாடகமா? அந்தப் பெரிய மனுஷர் தினம் துணிக்கடை நம்பரைத் தட்டித் தட்டி ஏமாந்துக்கிட்டு இருக்கார், நானோ அவரைப் போய்க் கரிச்சுக் கொட்டியிருக்கேன். எனக்கு மானமே போச்சு.

மனசு கேட்கல. ஓரகத்திக்கு, அதான் அண்ணன் சம்சாரத்துக்குப் போன் போட்டேன்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. உங்க கொழுந்தன் மாமாவை நல்லா ஏமாத்தறார். அந்தக் கேம் கணக்கு முதல் நாளே பிரிஞ்சிடுச்சு. மாமாகூடப் பேசணும்னே வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லிக்கிட்டு இருக்கார்."

அக்கா சிரிச்ச சிரிப்புல போனைக் காதை விட்டுத் தள்ளிப் பிடிச்சேன்.

"முதல் நாளே பிரிஞ்சது எங்க டி.வி.லயும்தான் வந்துச்சு. பெட்டியைத் துடைச்சுப் பரண்ல கூட ஏத்தியாச்சு. உங்க மாமா தினமும் சாயங்காலம் டி.வி. ரிமோட்டை மடியில வெச்சுக்கிட்டு, உன் வீட்டுக்காரர் சொல்ற நம்பரை ஒவ்வொண்ணா அழுத்தி என் சீரியலை மாத்திட்டு, 'தப்புன்னு வருதுடா தம்பி, நாளைக்கும் கூப்பிடு'ங்கிறார்."