தாலிக்கொடியின் சுரை

கெட்டிமேளம் தொடங்கி எவ்வளவு நேரமாகிவிட்டது! நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பி உப்பி வற்றுகிறது. தாலி இன்னும் ஏறவில்லை.

மாப்பிள்ளை தில்லைநாதன் மணப்பெண்ணுக்கு முன்னால் குனிந்து நின்றான். பொன் கொடியின் இரண்டு முனைகளும் அவளுடைய பிடரியில் இருந்தன. ஒரு முனையில் மரை என்ற திருகாணி, மறுமுனையில் அதன்மேல் ஏறும் சுரை. சுரையை மரையில் வைத்துத் திருகவேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த வேலைக்குத்தான் அவன் மூன்று மாதம் பழகியிருந்தான்.

வலக்கைப் பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் விறைத்துப்போய் ஒரு வருடம். முழங்கைக்குக் கீழே நரம்பு நெரிபட்டிருக்கிறது என்றார் டொக்டர். பாய்க்கயிறு இழுத்து இழுத்து வந்த வினை.

கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த விரல்கள் எதையும் பிடிக்கும். பார்க்காவிட்டால் பிடித்தது கயிறா காற்றா என்று அவற்றுக்குத் தெரியாது.

இடக்கையில் ஒரு குறையுமில்லை. அதை வைத்தே ஊரைச் சமாளித்தான். தெரிந்தவள் தங்கச்சி கமலாவதி ஒருத்திதான்.

தெரிந்தால் என்ன என்று கேட்கலாம். அவன் வத்தை என்ற பாய்க்கப்பலின் தண்டையல், அதன் தலைவன். அவனை நம்பித்தான் மற்றவர்கள் கப்பலேறுகிறார்கள். தண்டையலின் கை செத்துவிட்டது என்று வல்வெட்டித்துறையில் ஒரு வாய் சொன்னால் போதும், அடுத்த பயணத்துக்கு ஒருவனும் வரமாட்டான். அந்த ஒரு வாய், தம்பிஐயா என்ற தூரத்து மாமன், முன்வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் சகோதரி தோழியாகப் பெண்ணுக்குப் பின்னால் நிற்பது வழக்கம். கொடியைப் பூட்ட அவள் கைகொடுப்பதும் உண்டு. கமலாவதியின் கை பதறிக்கொண்டு நீண்டது.

“தொடாதை. நானே பூட்டுவன்,” என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்போதுதான் பிழை விளங்கியது.

மூன்று மாதமும் அவன் பழகியது தங்கச்சியின் சங்கிலியில், அவளுக்குப் பின்னால் நின்று. சுரை எப்போதும் இடக்கைக்கு வந்தது. முன்னால் நின்றால் பக்கம் மாறிவிடும் என்று அண்ணனுக்கும் தோன்றவில்லை, தங்கைக்கும் தோன்றவில்லை. நடுக்கடலில் நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்கிறவனுக்கு ஒரு கழுத்தைச் சுற்றித் திசை தவறிவிட்டது.

இப்போது சுரை வலக்கையில். பிடியில் இருக்கிறதா, நழுவிவிட்டதா? தெரியவில்லை. இடக்கை அந்தப் பக்கம் தாவிப் போனால் மரை நழுவியது. கொடியைத் திருப்பிப் போட்டால் தாலியின் முகம் உள்ளே போய்விடும்.

தம்பிஐயா பக்கத்து ஆளின் காதுக்குக் குனிந்தார்.

அதுவரை தலை நிமிராமல் இருந்த மணப்பெண் ஞானாம்பிகை, கொடியை நெஞ்சோடு ஒரு கையால் பொத்திக்கொண்டு, இருந்த இடத்திலேயே சுழன்று மாப்பிள்ளைக்கு முதுகு காட்டினாள்.

மேளம் தடுமாறியது. ஐயரின் மந்திரம் வாயிலேயே நின்றது. பெண்ணுக்கு மாப்பிள்ளை வேண்டாமாம் என்று பந்தலின் கடைசிவரைக்கும் செய்தி போய்விட்டது. தம்பிஐயா எழுந்தே விட்டார்.

அவளோ மறுகையால் பின்னலைப் பூவோடு சேர்த்துத் தூக்கிப்பிடித்தாள்.

கண்ணுக்கு முன்னால் பிடரி. முனைகள் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. விறைத்த விரல்கள் பார்வையின் சொல் கேட்டு மரையைப் பிடித்தன; இடக்கை சுரையைத் திருகியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இறுகிவிட்டது.

அறுகரிசி மழையாக விழுந்தது. மேளம் இரண்டு மடங்கு முழங்கியது. தில்லைநாதன் நிமிர்ந்து சபையைப் பார்த்தான், தம்பிஐயா உட்கார்ந்தார். தோழி தொடவில்லை, ஐயர் தொடவில்லை, தன் கையால் பூட்டிய கொடி. புயலுக்குள்ளால் கப்பலைக் கரைசேர்த்த நாளிலும் அவனுக்கு நெஞ்சு இப்படி விம்மியதில்லை.

பக்கத்தில் அமர்ந்ததும், தான் பக்கம் மாறிப் பழகியது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று திகைப்போடு திரும்பினான். ஞானாம்பிகை மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டாள். அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்:

“இடக்கை தேடினது கழுத்திலை விளங்கினது. பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு நீங்கள் தேத்தண்ணியை இடக்கையாலை வாங்க, மரியாதை தெரியாத ஆள் எண்டு எங்கடை ஆக்கள் கோவிச்சவை. நான் உங்கடை மற்றக் கையைப் பாத்தனான், பாத்துப்போட்டுத்தான் ஓமெண்டனான்.”