லொறி விலையில் ஒரு முகம்

“சும்மா தந்தாலும் வேண்டாம்.”

மரியநேசன் சம்மாட்டியார் அந்த வண்ணப் படத்தை மேசையில் திருப்பித் தள்ளிவிட்டார்.

செல்வநாயகம் விடவில்லை. கொழும்பில் ரைப்ரைட்டர், கணக்கு மெசின் விற்கிற கொம்பனி ஒன்றில் வேலை. இந்த முறை கொம்பனி அந்தப் படத்தோடு ஒரு கேள்வியையும் கொடுத்து அனுப்பியிருந்தது. அமெரிக்காவில் முகம் காட்டுகிற ரெலிபோன் செய்துவிட்டார்கள். கதைக்கும்போது மற்றப் பக்கத்து ஆள் ஒரு சின்னப் பெட்டிக்குள் தெரிவார். நாளைக்கு அது இலங்கைக்கு வந்தால் எந்த வியாபாரி வாங்குவான்? என்ன விலை கொடுப்பான்?

“முல்லைத்தீவுக் கடைத்தெருவில ரெலிபோன் வைச்சிருக்கிற கருவாட்டு வியாபாரி நீங்கள் ஒராள்தான், சம்மாட்டியார். நீங்களே வேண்டாமெண்டால்?”

“நான் இதில ஆரோட கதைக்கிறனான்? வவுனியா இஸ்ஸதீனோட. அவன்ர மூஞ்சையைப் பாக்க நான் காசு குடுக்கோணுமோ?”

ஊருக்கே தெரிந்த கதை. மரியநேசனின் கருவாடு முழுக்க வவுனியா இஸ்ஸதீன் முதலாளியின் கடைக்குத்தான் போகும். இளந்தாரி வயதிலிருந்து சிநேகிதம். மரியநேசனின் மகளின் கலியாணத்தில், பந்தியில் தன்னைக் கையைப் பிடித்துக் கூப்பிடவில்லை என்று இஸ்ஸதீன் சாப்பிடாமல் எழும்பிப் போனார். “இனி உன்ர முகத்தில முழிக்கமாட்டன்” என்று இவர் மாதா மேல் சத்தியம் பண்ணினார். அவர் அல்லா மேல் பண்ணினார்.

வியாபாரம் நிற்கவில்லை. சத்தியம் முகத்துக்குத்தான். குரலுக்கு இல்லை. குரலுக்கு ரெலிபோன் இருந்தது.

“ஒரு சோத்துப் பந்திக்காக இவ்வளவு வருசமோ, சம்மாட்டியார்? ஊர் சிரிக்குது.”

“நீ ரெலிபோன் விக்க வந்தனியோ, பாவமன்னிப்புக் குடுக்க வந்தனியோ?”

செல்வநாயகம் பையைக் கட்டினான்.

“தம்பி.”

“ஓம்?”

“அதில தெரியிறது முகமோ, படமோ?”

“படந்தான்.”

“எவ்வளவு பெரிசு?”

“உள்ளங்கை அளவு வரும்.”

“காணாது.”

“எதுக்குக் காணாது?”

மரியநேசன் தள்ளிவிட்ட படத்தை மறுபடி பக்கத்தில் இழுத்தார்.

“விலை?”

“ஒரு லொறி விலை வரும் போல. அதோட ரெண்டு பக்கமும் வாங்கோணும். ஒராள் மட்டும் வாங்கிப் பிரயோசனமில்லை.”

“நல்ல வியாபாரம்” என்றார் மரியநேசன். “வவுனியாவுக்குத்தானே போறாய்? என்ர லொறியில ஏறு. அவனிட்டையும் கேள். அப்பிடியே அவன்ர கண்ணையும் ஒருக்காப் பார்.”

“கண்ணையோ?”

“வெள்ளை விழுந்திட்டுதாம். ஒண்டு போயிட்டுது, மற்றதும் போகுதாம். முழுக்கப் போச்செண்டால் அங்க வேலைக்கு நிக்கிறவங்கள் என்ர கருவாட்டைக் களவா அள்ளிப்போடுவாங்கள். அதுக்குத்தான் கேக்கிறன்.”

மரியநேசனும் ஏறி இடப்பக்க ஓரத்தில் இருந்துகொண்டார். புறப்படுமுன் ட்றைவர் இராயப்பு இறங்கிச் சுற்றிவந்து இடப்பக்கக் கண்ணாடியை நிமிர்த்தினான்.

“ஒவ்வொரு திங்கட்கிழமையும் இதை ஆரோ திருப்பி விடுகினம், ஐயா. பின்னால வாற வாகனம் ஒண்டும் தெரியுதில்லை.”

“ரோட்டைப் பார்த்து ஓடு” என்றார் மரியநேசன்.

நெடுங்கேணி தாண்டி வவுனியா வந்து சேர்ந்தார்கள்.

லொறி இஸ்ஸதீனின் கடையைத் தாண்டிக் கொஞ்சம் முன்னுக்குப் போய் நின்றது. வழக்கமாய் அங்கேதான் நிற்குமாம். மூட்டைகள் இறங்கின. மரியநேசன் இறங்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

செல்வநாயகம் ட்றைவர் பக்கத்தால் குதித்துக் கடைக்குப் போனான்.

நல்ல மத்தியானம். இஸ்ஸதீன் கடைக்கு வெளியே, வெயிலில் கதிரை போட்டு இருந்தார்.

“உள்ளுக்கு இருக்கலாமே, முதலாளி. வெயில் சுடுகுது.”

“எனக்குச் சுடேல்லை. நீர் வந்த அலுவலைச் சொல்லும்.”

சொன்னான். அவர் படத்தை மூக்குத் தொடும்படி வைத்துப் பார்த்தார். ஒரு கண் முழுக்க வெள்ளை. மற்றதிலும் பனிப்புகார் போலப் படர்ந்திருந்தது.

“இதில அவன் தெரிவானோ?”

“ரெண்டு பேரும் வாங்கினால் தெரிவார்.”

“விலை?”

“லொறி விலை.”

இஸ்ஸதீன் சிரித்தார். “எப்ப வரும்?”

“அஞ்சாறு வருசம் செல்லும், முதலாளி.”

“அதுவரைக்கும் இந்தக் கண் நிக்காது. வேண்டாம்.”

செல்வநாயகத்துக்குப் பொறுமை போய்விட்டது.

“என்ன பிடிவாதம் இது? அந்தா இருக்கிறார் மனுசன். எழும்பி நாலடி நடந்தால் சதம் செலவில்லாமல் பாக்கலாம்.”

“அல்லா மேல சத்தியம் பண்ணினது விளையாட்டுக்கெண்டு நினைச்சீரோ?”

இதுகள் திருந்தாத சாதி என்று நினைத்துக்கொண்டு அவன் பையைத் தூக்கினான்.

“நில்லும். ஒரு ஓடர் எழுதும்” என்றார் இஸ்ஸதீன். “லொறிக்குப் போடுற பக்கக் கண்ணாடி. கொழும்பில இருக்கிறதிலயே பெரிசு. விலை என்னெண்டாலும் நான் தாறன்.”

“உங்களிட்ட லொறி இல்லையே, முதலாளி.”

இஸ்ஸதீன் நாடியால் முன்னே காட்டினார். “அதுக்கு.”

செல்வநாயகம் பார்த்தான். இராயப்பு நிமிர்த்திய இடப்பக்கக் கண்ணாடி மறுபடி திரும்பியிருந்தது. அதற்குள் மரியநேசனின் முகம். கண் வெட்டாமல் கடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

“கண்ணாடியில தெரியிறது சத்தியத்தில சேராது. பள்ளிவாசல் லெப்பையிட்டக் கேட்டிட்டன்.”

இஸ்ஸதீன் கதிரையை இன்னும் கொஞ்சம் வெயிலுக்குள் இழுத்துப் போட்டு, லொறிப் பக்கம் முகத்தை நிமிர்த்திக்கொண்டு இருந்தார்.

“போன மாசம் முழு முகமும் தெரிஞ்சது, தம்பி. இண்டைக்கு மீசை மட்டுந்தான் தெரியுது. பெரிசாப் பார்த்து, கெதியா அனுப்பும்.”